உங்களுக்குத் தெரியுமா? கேமராவுக்கு ஏங்கிய கார்ட்டூன் வில்லன்கள்

✦ அமெரிக்காவின் ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரில் சைட்ஷோ பாப் செய்த முதல் குற்றம் ஒரு கடைக் கொள்ளை. அவன் குறி வைத்தது கல்லாப்பெட்டிக்கு அல்ல, ஒரு டி.வி. நிகழ்ச்சிக்கு. 1990 ஏப்ரல் 29 அன்று ஃபாக்ஸ் சேனலில் வந்த கதை அது. ஊர்க் குழந்தைகளெல்லாம் கொண்டாடும் கோமாளி க்ரஸ்டி. அவனுக்கு எடுபிடி பாப். பீரங்கிக்குள் திணித்துச் சுடுவார்கள், முகத்தில் க்ரீம் பண்டத்தை அப்புவார்கள். ஊதலை ஊதுவதைத் தவிர அவனுக்கு வசனமே கிடையாது. ஒருநாள் க்ரஸ்டியைப் போலவே வேடம் கட்டிக்கொண்டு கடைக்குள் நுழைந்து துப்பாக்கியை நீட்டினான். பழி க்ரஸ்டியின் மேல் விழுந்தது. க்ரஸ்டி சிறைக்குப் போக, நிகழ்ச்சி பாப்பின் கைக்கு வந்தது.

✦ அந்தத் திருட்டைக் கண்டுபிடித்தவன் பத்து வயதுப் பையன் பார்ட் சிம்ப்சன். கடையின் கண்காணிப்பு கேமராவில் திருடன் மைக்ரோவேவ் அடுப்பைப் பயன்படுத்துகிறான். க்ரஸ்டிக்கோ இதயத்தில் பேஸ்மேக்கர், மைக்ரோவேவ் பக்கம் போகக் கூடாது. திருடன் நின்று பத்திரிகை படிக்கிறான். க்ரஸ்டிக்கு எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. திருடனின் கால் மிதிபட்டபோது வலியில் துள்ளினான். க்ரஸ்டியின் ராட்சத ஷூவுக்குள் இருப்பதோ சின்னப் பாதம், நுனியில் வெறும் காலியிடம். அந்த ஷூ நிறையப் பாதம் உள்ள ஆள் பாப் ஒருவன்தான். நேரலை நிகழ்ச்சியின் நடுவே, கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே, பார்ட் அவன் காலில் ஓங்கி ஒரு போடு போடுகிறான். எந்தக் கேமராவுக்கு ஆசைப்பட்டானோ அந்தக் கேமராவின் முன்னாலேயே அகப்பட்டான். இருபது நிமிடக் கார்ட்டூனுக்குள் ஒழுங்கான துப்பறியும் கதையைப் பின்னிவிட்டார்கள். தடயம் எல்லாம் நம் கண்முன்னே இருந்தும் முதல் தடவை பார்க்கும்போது பிடிபடாது.

✦ திருடிய இடத்தில் பாப் நடத்திய நிகழ்ச்சி நல்ல நிகழ்ச்சி. இதை நான் அழுத்திச் சொல்வேன். பிள்ளைகளுக்கு அலெக்ஸாந்தர் துய்மாவின் ‘இரும்பு முகமூடி மனிதன்’ நாவலை வாசித்துக் காட்டினான். ஒரு சிறுவனின் மனக்குறையை உட்கார்ந்து கேட்டான். கோல் போர்ட்டர் இசையமைத்த பழைய பாட்டைப் பாடினான். அடிதடி, அலறல் எதுவும் இல்லை. குழந்தைகளும் வேண்டாம் என்று ஓடிவிடவில்லை, உட்கார்ந்து பார்த்தார்கள். அவனுடைய ஆசையில் பழுது ஒன்றும் இல்லை. அதற்காக ஒரு நிரபராதியைச் சிறைக்கு அனுப்பினானே, அங்கேதான் வில்லனானான். பின்னால் வந்த பல கார்ட்டூன் வில்லன்களுக்கு இந்த அடுக்கு கிடையாது. அவர்கள் கெட்டவர்களாகவே பிறந்து, கெட்டவர்களாகவே டி.வி.யைப் பிடிப்பார்கள். பாப் அப்படியல்ல. தினம் தினம் முகத்தில் அப்பப்பட்ட க்ரீமுக்கு அடியில் ஒரு படித்த மனிதன் இருக்கிறான், அவனை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் கதையின் அடித்தளம்.

✦ சைட்ஷோ பாப்பின் முழுப்பெயரில் வரும் ‘டெர்வில்லிகர்’, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் உள்ள ஒரு சாலையின் பெயர். தொடரை உருவாக்கிய மேட் க்ரோனிங் பிறந்து வளர்ந்த ஊர் அது.

✦ க்ரஸ்டிக்கு முன்மாதிரியும் போர்ட்லண்ட்தான். ‘ரஸ்டி நெயில்ஸ்’ என்ற பெயரில் உள்ளூர்த் தொலைக்காட்சியில் வந்த கோமாளியைச் சிறுவயதில் பார்த்து வளர்ந்தவர் க்ரோனிங். க்ரஸ்டியின் கரகரத்த குரல் மட்டும் வேறு ஊர்ச் சரக்கு. சிகாகோவின் டபிள்யூ.ஜி.என். சேனலில் 1960 முதல் 1984 வரை ‘போஸோ’ கோமாளியாக வந்த பாப் பெல்லின் குரலை வைத்துத்தான் டேன் கேஸ்டலனெட்டா அந்தக் குரலை அமைத்துக்கொண்டார்.

அந்தப் போஸோ நிகழ்ச்சியை நேரில் பார்க்க நுழைவுச் சீட்டு கேட்டவர்கள் ஒரு கட்டத்தில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. பிள்ளை பிறப்பதற்கு முன்பே பெயர் பதிந்து வைத்த பெற்றோர் உண்டு. ஒரு ஊரின் குழந்தைகள் நிகழ்ச்சிக் கோமாளிக்கு அவ்வளவு மவுசு இருந்த காலம் அது. சைட்ஷோ பாப் எதை அபகரித்தான் என்பதன் எடை இந்தத் தகவலோடு சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

✦ பாப்புக்குக் குரல் கொடுக்க முதலில் நினைக்கப்பட்டவர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ். ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களில் டார்த் வேடருக்குக் குரல் கொடுத்தவர். கடைசியில் அமைந்தவர் கெல்ஸி கிராமர். அப்போது ‘சியர்ஸ்’ நகைச்சுவைத் தொடரில் மனநல மருத்துவராக நடித்துக்கொண்டிருந்தார். தான் முன்பு பணியாற்றிய நாடக இயக்குநர் எல்லிஸ் ராப்பின் பேச்சு நடையை மனத்தில் வைத்துத்தான் பாப்பின் குரலை உருவாக்கினார். மேடை நாடகத்தின் கம்பீரம் அந்தக் குரலில் ஒட்டியிருப்பது இதனால்தான்.

✦ 1993 அக்டோபரில் வந்த ‘கேப் ஃபியர்’ பகுதியில் பாப் சருகு வாரும் வாரியை மிதிப்பான். அதன் கைப்பிடி எழும்பி முகத்தில் அறையும். நகர்ந்தால் இன்னொன்று. ஒன்பது முறை. அந்தப் பகுதி நேரத்துக்குக் குறைவாக வந்துவிட்டதால், நிமிடத்தை நிரப்பத்தான் அடியை நீட்டினார்கள். இன்றைக்கு அந்தத் தொடரிலேயே அதிகம் பேசப்படும் காட்சிகளில் ஒன்று அது.

✦ பாப்புக்கு சீசில் என்று ஒரு தம்பி. குழந்தைகளின் கோமாளியாக வேண்டும் என்பது சீசிலின் வாழ்நாள் கனவு, பாப்பின் கனவே அல்ல. க்ரஸ்டியிடம் வேலைக்கான தேர்வுக்குப் போனவனும் சீசில்தான். அண்ணன் கூடப் போனவன், அவ்வளவுதான். சீசில் முகத்தில் க்ரீமை அப்பிப் பார்த்தார்கள், சிரிப்பு வரவில்லை. கௌரவமாகத் தெரிகிற ஆள் மேல் அப்பினால்தான் சிரிப்பு வரும் என்று சொல்லி, ஓரமாக நின்றிருந்த பாப்பின் முகத்தில் க்ரஸ்டி ஒன்றை வீசினான். அரங்கம் அதிர்ந்தது. வேலை அண்ணனுக்குப் போய்விட்டது. பத்து ஆண்டுகள் மனத்தில் புழுங்கிய சீசில், ஓர் அணைக்கட்டையே தகர்த்து அந்தப் பழியை அண்ணன் தலையில் போடத் திட்டம் போடுகிறான். 1997 பிப்ரவரியில் வந்தது இந்தக் கதை. சிரிப்பைப் பற்றி இவ்வளவு சரியான பாடத்தைச் சொன்ன கார்ட்டூன் அபூர்வம்: விழுபவன் தலைநிமிர்ந்து நிற்பவனாக இருந்தால்தான் விழுவது வேடிக்கை. பாப்பின் வேலைக்கான தகுதியும் அவனுடைய அவமானமும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

✦ சீசிலுக்குக் குரல் டேவிட் ஹைட் பியர்ஸ். ‘ஃப்ரேசியர்’ தொடரில் கெல்ஸி கிராமரின் தம்பியாக நடித்தவரும் அவரே. அதே தொடரில் அப்பாவாக நடித்த ஜான் மஹோனி, 2007இல் பாப்பின் அப்பாவுக்குக் குரல் கொடுத்தார். ஒரு தொடரின் குடும்பம் அப்படியே இன்னொரு தொடருக்குக் குடிபெயர்ந்தது.

✦ க்ரஸ்டியின் நிகழ்ச்சியை ஒரு முறை காலி செய்தது ஒரு மரப்பொம்மை. 1993 மே மாதக் கதை. காப்போ என்ற பேசும் பொம்மை போட்டி நிகழ்ச்சியில் வந்து குழந்தைகளை இழுத்துக்கொள்ள, க்ரஸ்டியின் நிகழ்ச்சி நிறுத்தப்படுகிறது. ஒளிபரப்பு நின்றுவிட்டது என்று நினைத்துக் காப்போ குழந்தைகளைத் திட்டிவிடுவது நேரலையில் ஊருக்கே கேட்டுவிடும்.

இதற்குப் பின்னால் ஒரு பழைய வதந்தி இருக்கிறது. நியூயார்க் வானொலியில் சிறுவர் நிகழ்ச்சி நடத்திய ‘அங்கிள் டான்’ இப்படித் திட்டி மாட்டிக்கொண்டார் என்று அமெரிக்காவில் பல தலைமுறைகள் சொல்லிவந்தார்கள். அப்படி நடந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. ஒரு நல்ல கலைஞரின் பெயர் செய்யாத தப்புக்காகவே நினைவில் நின்றுவிட்டது, வருத்தமான விஷயம்.

✦ 1995 நவம்பர் 26இல் வந்த பகுதியில் பாப்பின் கோரிக்கை தலைகீழாகிறது. விமானப்படைத் தளத்தில் ஓர் அணுகுண்டைத் திருடிக்கொண்டு, ஊரில் உள்ள டி.வி. நிகழ்ச்சி எல்லாவற்றையும் நிறுத்து, இல்லையென்றால் வெடிக்க வைப்பேன் என்கிறான். அந்த அறிவிப்பை அவன் வெளியிடுவது விமானக் கண்காட்சியின் ராட்சதத் திரையில். டி.வி.யை ஒழிக்கத் திரையில் தோன்ற வேண்டியிருக்கிறதே என்ற முரண் தனக்கும் தெரியும் என்று அவனே சொல்லிவிடுகிறான். ஊர் பணிந்து எல்லா நிலையத்தையும் மூடுகிறது. க்ரஸ்டி மட்டும் பாலைவனத்தில் ஒரு பழைய அவசர ஒளிபரப்புக் குடிசையைக் கண்டுபிடித்து, ஆளில்லாமல், மேடையில்லாமல் நிகழ்ச்சியை நடத்துகிறான். அதைக் கண்டதும் பாப் பொத்தானை அழுத்துகிறான். குண்டு புஸ்வாணம்: 1959 நவம்பருக்குள் பயன்படுத்த வேண்டியது என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கிறது. டி.வி. மேல் இருந்த மோகமும் வெறுப்பும் ஒரே ஆளிடம் ஒன்றாகக் குடியிருக்கும் என்று ஒரு நகைச்சுவைத் தொடர் காட்டியது எனக்கு இன்றும் வியப்பு.

✦ பாப்பை உண்மையில் நொறுக்கியது சிறை அல்ல, ஒரு டேப். 2001 பிப்ரவரியில் வந்த கதையில் க்ரஸ்டி ஓய்வு பெறப்போவதாக அறிவிக்கிறான். பாப் எடுபிடியாக இருந்த காலத்து நிகழ்ச்சிகளின் டேப்புகளில் வேறு நிகழ்ச்சியைப் பதிந்து அழித்துவிட்டதாகவும் சொல்கிறான். அவ்வளவு அடியும் வாங்கியதற்கு இருந்த ஒரே சாட்சி போயிற்று. பாப் அந்தக் கோபத்தில் பார்ட்டை மனவசியத்துக்கு உள்ளாக்கி, கடைசி நிகழ்ச்சியில் க்ரஸ்டியோடு சேர்த்து வெடிக்க ஏற்பாடு செய்கிறான். மேடையிலோ க்ரஸ்டி, பாப்பை நடத்திய விதத்துக்கு வருந்தி அவனைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுகிறான். அதைக் கேட்டுக் கலங்கிய பாப் தன் திட்டத்தைத் தானே தடுக்க ஓடுகிறான்.

டேப்பை அழிப்பது கற்பனை அல்ல. அந்தக் காலத்தில் வீடியோ டேப் விலை அதிகம். ஒன்றன் மேல் ஒன்றாகப் பதிந்து மறுபடி மறுபடி பயன்படுத்துவது நிலையங்களின் வழக்கம். மறு ஒளிபரப்பிலோ கேசட் விற்பனையிலோ பணம் வரும் என்று யாரும் எண்ணவில்லை. பி.பி.சி. தன் ‘டாக்டர் ஹூ’ தொடரின் 1960களின் பகுதிகள் பலவற்றை இப்படி இழந்தது. அமெரிக்காவின் என்.பி.சி.யில் ஜானி கார்சன் 1962 முதல் 1972 வரை நியூயார்க்கிலிருந்து நடத்திய ‘டுநைட் ஷோ’ பெரும்பாலும் அழிந்துபோனது. அந்தப் பத்தாண்டுகளில் அங்கே வந்து பாடியவர்கள், முதல்முறை மேடை ஏறிக் கைதட்டல் வாங்கியவர்கள் எத்தனை பேர்! அவர்களில் சிலருக்கு அந்த ஒரு இரவுதான் டி.வி. வாழ்க்கை முழுவதுமாக இருந்திருக்கலாம். பாப்பின் ஆத்திரத்தை எழுதியவர்களுக்கு இந்த வரலாறு தெரியாமல் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

✦ பாப் அகப்பட்டதும் காலியான எடுபிடி இடம் 1990 டிசம்பருக்குள் நிரம்பிவிட்டது. தலைமுடியில் எலும்பைச் செருகிய சைட்ஷோ மெல் வந்தான். அவனுக்கும் கொடுத்தது ஊதல்தான்.

✦ ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ தொடரில் 1994 அக்டோபரில் வந்த ‘பேபி டால்’ கதையின் வில்லி ஒரு முன்னாள் டி.வி. நட்சத்திரம். மேரி டால் என்ற அந்தப் பெண் வளர்ந்தவள். ஆனால் பிறவிக் குறைபாட்டால் உருவம் சிறு குழந்தையாகவே நின்றுவிட்டது. குடும்பத் தொடர் ஒன்றில் குட்டிப்பெண்ணாக நடித்துப் புகழ் பெற்றாள். பிறகு விலகித் தீவிர நடிப்புக்கு முயன்றாள், யாரும் ஏற்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, தன்னோடு நடித்த பழைய அப்பா, அம்மா, அண்ணன், அக்கா எல்லோரையும் கடத்திவந்து அந்தச் செட்டையே மறுபடி கட்டுகிறாள்.

எழுதியவர் பால் டினி. குழந்தை நட்சத்திரங்கள் வளர்ந்த பிறகு அவர்களை டி.வி. என்ன செய்கிறது என்பதை ஒரு சூப்பர்ஹீரோ கார்ட்டூன் இவ்வளவு கருணையோடு தொட்டது பெரிய காரியம். அவளுக்கு வேண்டியது ஊர் அல்ல, உலகம் அல்ல. அந்தத் தொடரில் இருந்த வீடு. அது அட்டையில் செய்த வீடு என்பதும் அவளுக்குத் தெரியும்.

✦ அதே தொடரில் 1992 நவம்பரில் பேட்மேனின் எதிரி ஜோக்கர் ஊரின் அலைவரிசையைக் கைப்பற்றித் தன் சொந்தக் கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியை ஒளிபரப்பினான். போலீஸ் கமிஷனர், துப்பறிவாளர் ஒருவர், செய்தியாளர் ஒருவர் என மூவரைக் கட்டிவைத்துத் தன் குடும்பம் என்று அறிமுகப்படுத்தினான். குரல், ‘ஸ்டார் வார்ஸ்’ நாயகன் மார்க் ஹாமில்.

✦ ஜோக்கர் மறுபடி 2003 டிசம்பரில் ‘ஜஸ்டிஸ் லீக்’ தொடரில் லாஸ் வேகஸ் தெருவெங்கும் வெடிகுண்டு வைத்து அதை நேரலையாக்கினான். குண்டுகள் வெறும் தூண்டில். எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார வேண்டும், உட்கார்ந்தவர்களின் மனத்தை ஏஸ் என்ற சிறுமியின் பார்வையால் திரை வழியே குலைக்க வேண்டும் என்பதே திட்டம். பார்வையாளர் எண்ணிக்கையையே ஆயுதமாக்கிய வில்லன் அவன்.

✦ நிஜத்திலும் அலைவரிசைத் திருட்டு நடந்திருக்கிறது. 1987 நவம்பர் 22 இரவு, சிகாகோவில் முகமூடி போட்ட ஒருவர் ஒரே இரவில் இரண்டு சேனல்களுக்குள் ஊடுருவினார். முதலில் டபிள்யூ.ஜி.என். செய்தியின் விளையாட்டுப் பகுதியில் சில நொடிகள். அங்கே பொறியாளர்கள் சட்டென்று அலைவரிசையை மாற்றித் துண்டித்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து, டபிள்யூ.டி.டி.டபிள்யூ. சேனலில் ‘டாக்டர் ஹூ’ ஓடிக்கொண்டிருந்தபோது ஒன்றரை நிமிடம். அந்த நேரத்தில் அங்கே தடுக்க ஆள் இல்லை. ஸ்டுடியோவிலிருந்து ஒளிபரப்புக் கோபுரத்துக்குப் போகும் நுண்ணலையைவிட வலுவான அலையைக் கோபுரத்தை நோக்கி அனுப்பினால் இது சாத்தியம். முகமூடி, ‘மேக்ஸ் ஹெட்ரூம்’ என்ற டி.வி. பாத்திரத்துடையது. ஆளை இன்றுவரை பிடிக்கவில்லை.

✦ மார்வெல் காமிக்ஸின் மோஜோ, வில்லனாகவும் டி.வி. நிலைய முதலாளியாகவும் ஒருசேர இருப்பவன். ஆன் நொசென்டியும் ஆர்தர் ஆடம்ஸும் 1985இல் உருவாக்கினார்கள். முதுகெலும்பில்லாத உடல், இயந்திரக் கால்களில் நகரும் இருக்கை, ஓயாமல் படம் பிடிக்கும் கேமரா. அவன் உலகில் நிகழ்ச்சியின் மதிப்பீட்டு எண்தான் அரசாங்கம். எக்ஸ்-மென் வீரர்களைக் கடத்துவதும் நிகழ்ச்சிக்கு ஆள் வேண்டுமென்றுதான். 1994இல் கார்ட்டூனிலும் வந்தான். 2024இல் ‘எக்ஸ்-மென் 97’ தொடரில் மீண்டும் வந்தான்.

✦ வில்லன்களுக்கு ஒழுங்காக டி.வி. வேலையே கொடுத்த கார்ட்டூனும் உண்டு. 1966இல் ஹன்னா-பார்பெரா தயாரித்த ‘ஸ்பேஸ் கோஸ்ட்’ நாயகனை 1994 ஏப்ரலில் கார்ட்டூன் நெட்வொர்க் பேட்டி நிகழ்ச்சி நடத்துபவனாக்கியது. பழைய எதிரிகளில் கும்பிடுபூச்சி போன்ற சோராக் இசைக்குழுத் தலைவன். எரிமலை உடல் மோல்டார் கட்டுப்பாட்டு அறையில். இருவருக்கும் குரல் சி. மார்ட்டின் குரோக்கர், அனிமேஷன் வேலையும் அவர் செய்தார். அறுபதுகளின் ஓவியங்களையே வெட்டி ஒட்டி ஓட்டினார்கள். நிஜப் பிரபலங்கள் விருந்தினராக ஒரு திரையில் தெரிவார்கள். இன்னொரு வில்லன் பிராக், பின்னால் தனி நிகழ்ச்சியே பெற்றான்.

✦ பாப்பின் அந்த முதல் கடைக் கொள்ளைக் கதையை இயக்கியவர் பிராட் பேர்ட். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2004இல், பிக்ஸாருக்காக ‘தி இன்க்ரெடிபிள்ஸ்’ எடுத்தார். அதன் வில்லன் சிண்ட்ரோம், சிறுவயதில் ஒரு நாயகனுக்கு எடுபிடியாக விரும்பி விரட்டப்பட்டவன். தானே செய்த ரோபோவை நகரத்தின் மேல் ஏவி, ஊரே பார்க்கும்போது பறந்துவந்து அதைத் தோற்கடித்துக் கைதட்டல் வாங்குவது அவன் திட்டம். ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பதை அந்த ரோபோ கற்றுக்கொண்டுவிட்டது. அவனையே அடித்து வீழ்த்தியது. எடுபிடியின் காயம் பிராட் பேர்டை விடவேயில்லை என்று தோன்றுகிறது. பாப் வேலையில் இருந்து புண்பட்டான், சிண்ட்ரோம் வேலை கிடைக்காமல் புண்பட்டான்.

✦ 2006இல் சிறந்த பின்னணிக் குரலுக்கான எம்மி விருது கெல்ஸி கிராமருக்குக் கிடைத்தது. பாப் இத்தாலியில் ஒளிந்து வாழும் கதைக்காக.

✦ பிக்ஸாரின் ‘டாய் ஸ்டோரி 2’ (1999) படத்தில் வரும் ஸ்டிங்கி பீட் பொம்மைக்கும் கெல்ஸி கிராமர்தான் குரல். இவனும் டி.வி.யால் வந்தவன்: ஐம்பதுகளின் கௌபாய்ப் பொம்மலாட்டத் தொடரில் வந்த கிழவன் பாத்திரத்தின் பொம்மை. 1957இல் சோவியத் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியதும் பிள்ளைகள் விண்வெளிப் பொம்மைகளின் பக்கம் சாய்ந்துவிட, தொடர் பாதிக் கதையிலேயே நின்றுபோனது. பீட்டை யாரும் வாங்கவில்லை. பெட்டியைத் திறக்காமலே பல பத்தாண்டுகள் கடைத் தட்டில் இருந்தான். அதனால்தான் டோக்கியோ அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று காலமெல்லாம் பார்க்கப்பட வேண்டும் என்று துடிக்கிறான். மற்ற பொம்மைகள் தப்பிக்க விடாமல் தடுக்கிறான். படத்தின் முடிவில் விமான நிலையத்தில் ஒரு சிறுமியின் முதுகுப்பையில் போய்ச் சேருகிறான். தன் பொம்மைகளின் முகத்தில் வண்ணம் தீட்டி விளையாடுகிற சிறுமி அவள்.